பத்மாவதியக்காவின் மிதி

பிரேக் பெடலை மிதிக்கும்போது பத்மாவதியக்கா கண்ணை மூடிக்கொள்வார். அந்த மூடிய கண்ணைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வருஷத்துக்கு முன்னால், என் தங்கச்சி மகளுக்குச் சீர். தாய்மாமன் நான். தட்டு, சேலையெல்லாம் என் டெம்போவில். போகிற வழியில் பிரேக்கைக் காட்டலாமென்று அக்கா பட்டறையில் நிறுத்தினேன். "பிரேக் ஆயில்ல இன்னும் காத்து இருக்குதுங்க தம்பி, வண்டியத் தரமாட்டேன்" என்று சாயங்காலம் வரை பிடித்து வைத்துவிட்டார். நான் போனபோது பந்தியே முடிந்திருந்தது. தங்கச்சி இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

பெருந்துறை பைபாஸ் ஓரம் அவர்கள் பட்டறை. கணவர் கோவிந்தராஜுலு வண்டிக்கு அடியில். இவர் மேலே, வெறுங்காலோடு. நாலு மிதி மிதித்து இவர் அழுத்திப் பிடிப்பார். அவர் சக்கரத்தருகே ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திருகித் திறப்பார். ஆயிலோடு காற்றுக் குமிழும் டியூபில் வெளியே வரும். மூடிவிட்டு மறுபடியும் மிதி. வேறு பட்டறையில் பத்து நிமிஷ வேலை, இங்கே ஒரு மணி நேரம்.

கேட்டால் விளக்கம் வேறு. "ஆயில் அமுங்காதுங்க தம்பி. மிதிச்சா மிதிச்சது அப்படியே சக்கரத்துக்குப் போயிரும். காத்து அப்படியில்லீங்க. எத்தன அழுத்துனாலும் சரிங்க சரிங்கன்னு சுருங்கிக்கும். காரியம்னு வந்தா கை உட்டுரும். எங்கூட்டுக்காரராட்டவே."

"கேக்குது அம்மணி" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும்.

போன புதன்கிழமை போனேன். அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அடுத்த வாரம் ஈரோட்டில் ஆபரேசனாம். பட்டறையில் ஒரு ஸ்கூல் வேன் நின்றது. "நாலு மணிக்குப் புள்ளைங்க நிக்குமுங்க, சீக்கிரமுங்க" என்று அதன் டிரைவர் ஆறுச்சாமி பறந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுங்க."

ஏறி மிதித்தேன். "நல்லாத்தானுங்க இருக்குது."

"ஆறுச்சாமி அவசரத்துக்குச் சொல்லாதீங்க. கால் என்ன சொல்லுது? கல்லாட்ட நிக்குதா?"

மறுபடியும் மிதித்தேன். கடைசியில், இட்லியில் விரல் பட்டதுபோல ஒரு மெத்து.

"அடியில கொஞ்சம் அமுங்குதுங்கக்கா."

கோவிந்தராஜுலு நிப்பிளைத் திறந்தார். கடுகளவு ஒரு குமிழ் டியூபில் ஏறியது. ஆறுச்சாமி குனிந்து அதைப் பார்த்தார்.

"இன்னொருக்கா மிதிங்க தம்பி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துறாதீங்க."

மிதித்துப் பிடித்தேன். கதவைப் பிடித்து நின்ற அக்கா கண்ணை மூடியிருந்தார். அவருடைய வீங்கிய கால், கீழே மண்ணை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது.