சேர் சொன்ன அவுட்

இந்த நாட்டில் மனிதர்கள் தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்கிறார்கள். மெல்பேர்னுக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நகரசபையின் விளையாட்டு மண்டபம் ஒன்று இருக்கிறது. மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, அங்கே நடக்கும் ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒரு நாள் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், முழங்காலில் பட்டி கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தார். தன் பக்கம் விழுந்த பந்தைக் காட்டி, "இன்! நல்ல அடி!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அந்த ஒரு சொல்லால் ஆட்டத்தில் தோற்றார். தோற்றுவிட்டு, எதிரே நின்றவரின் முதுகில் தட்டிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத ஒரு கிழவர் நேர்மையாக நடந்ததற்கு ஒருத்திக்கு ஏன் கோபம் வரவேண்டும் என்று கேட்பீர்கள். வந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் பிக்கிள்போல். பிக்கிள் என்றால் ஊறுகாய், ஆனால் ஊறுகாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெட்மின்டன் கோர்ட் அளவுள்ள தளம், இடுப்பளவு வலை, கையில் சின்னப் பலகை போல ஒரு மட்டை, துளை துளையாய் ஒரு பிளாஸ்டிக் பந்து. எங்களைப் போன்ற சாதாரண ஆட்களின் ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை, அது எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தில் நிற்பவர்களே சொல்லவேண்டும். சந்தேகம் வந்தால் உள்ளே என்று எதிராளிக்குக் கொடுத்துவிடவேண்டும். மண்டபத்தைப் பொறுப்பாக நடத்தும் லொரேன் என்ற பெண்மணி ஒரு நாள் என் கையில் மட்டையைத் தந்து, "சும்மா அடித்துப் பார்" என்றாள். என் மணிக்கட்டு எதையும் மறந்திருக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அங்கே என்னை வெல்ல ஆள் இல்லாமல் போயிற்று. பயிற்சியாளர்களுக்கான படிப்பையும் முடித்தேன். பிறகு லொரேன், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள். சம்பளத்துக்கு! ஆறு செவ்வாய் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றாள். அதுவரை முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு, முதுகில் கோச் என்று எழுதிய நீலச் சட்டை கிடைத்தது. புத்தளத்தில் இருக்கும் உம்மாவுக்கு போனில் சொன்னேன். "அச்சாறு போடுற வேலையா புள்ள?" என்று கேட்டார்.

முதல் செவ்வாயே சொதப்பினேன். எனக்குத் தெரிந்த கோச் என்றால் கத்துகிற ஆள்தான். "பிழை! திரும்பவும்! கண் எங்கே இருக்கு?" என்று நான் கத்த, மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற தாதி மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய் வெகுநேரம் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் லொரேன், "கொஞ்சம் பாராட்டியும் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றலாம்" என்றாள். எனக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை, அதையே அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறியதைக் கண்டபிறகுதான் விளங்கியது. உனக்குத் தோன்றலாம் என்று இங்கே சொன்னால் செய்துதான் ஆகவேண்டும் என்று அர்த்தம். எங்கள் ஊரில் கட்டளை கட்டளை போலவே வரும்.

எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். அதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் இந்தக் கதையே. தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்களை எல்லாம் துரத்தியபோது, வாப்பாவும் உம்மாவும் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவர்கள். நான் பிறந்தது கல்பிட்டி ரோட்டில், எத்தாளைக்குப் போகும் வழியில் இருந்த முகாமில், ஓலைக் குடிசையில். புத்தளத்து மக்கள் அந்த நாட்களில் எங்களுக்குச் சோறும் பாணும் பாயும் தந்தார்கள். அதை மறந்தால் நான் மனுசியே இல்லை. ஆனாலும் பதினாறு வயது வரை பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் அகதிப் புள்ளைதான். மைதானத்தில் கடல் காற்று ஓய்ந்த நேரத்தில், சுண்ணாம்பால் கோடு போட்டு, பெட்மின்டன் ஆடுவோம். நீளக் கைச் சட்டையும் பர்தாவுமாக ஆடி, வலயப் போட்டியில் கடைசி ஆட்டம் வரை வந்தேன். ஜெயித்தால் மாகாணத்துக்குப் போகலாம். தோற்றால் விளையாட்டும் வேண்டாம், பள்ளியும் போதும் என்று வாப்பா சொல்லியிருந்தார். எதிரே நின்றது உப்பளக்காரர் ஒருவரின் மகள். நல்ல பிள்ளை, அவளில் எனக்குக் குறை இல்லை. நடுவர் எங்கள் விளையாட்டு ஆசிரியர், எங்களுக்கு சேர். பெயரை எழுதமாட்டேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் எனக்கு. நான் அடித்த பூப்பந்து மூலைக்கோட்டில் விழுந்து சுண்ணாம்பு பறந்தது. பறந்ததை எல்லோரும் கண்டார்கள். சேர் கையை விரித்து, "அவுட்" என்றார். நான் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து, தக்கையில் ஒட்டியிருந்த வெள்ளையைக் காட்டினேன். அவர் அதை வாங்கித் தன் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அம்பயர் சொன்னாச் சொன்னதுதான்." கெஞ்சினேன். நான் அழுததைப் பார்த்துக் குரலைத் தணித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நீங்க நாளைக்கு மன்னாருக்குப் போயிருவீங்க புள்ள. கப்பு எங்கட ஊர்ல இரிக்கட்டும்." அந்த அவுட்டுக்குப் பிறகு அடுத்த இரண்டு புள்ளியும் போய் ஆட்டமும் போயிற்று. அடுத்த வாரம் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். நாங்கள் மன்னாருக்கும் போகவில்லை. வாப்பா புத்தளத்து மண்ணில்தான் அடக்கம்.

மூன்றாம் செவ்வாய் புதிய பெயர்ப் பட்டியலை இரண்டு தடவை வாசித்தேன். சேரின் பெயர். மகனிடம் மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார், உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொன்னாராம். வெள்ளைத் தொப்பியும் புதுச் சப்பாத்துமாக வந்து நின்றார். கொஞ்சம் கூனியிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் மகள். தமிழா? எந்த ஊர்?"

"புத்தளம்."

"அல்ஹம்துலில்லாஹ்! புத்தளத்துல எங்க?"

"கல்பிட்டி ரோட், முகாம் பக்கம்."

"ஆ, மன்னார் ஆக்களா?" என்று தலையாட்டினார். அவ்வளவுதான். என்னை அவருக்கு ஞாபகமே இல்லை! பதினாறு வருடம் நான் சுமந்து திரிந்ததை அவர் அன்று மாலையே கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பழி வாங்கினேன். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு "வெரி குட்", அவருக்கு "பிழை சேர், திரும்ப". மற்றவர்கள் இளைப்பாறும்போது அவர் மண்டபம் முழுக்க உருண்ட பந்துகளைப் பொறுக்குவார். இரண்டு வாரம் குனிந்து குனிந்து பொறுக்கினார். ஊர்க்காரி ஒருத்தி தன்னை நன்றாகப் பயிற்றுகிறாள் என்று மகனிடம் பெருமையாகச் சொன்னாராம்.

ஐந்தாம் செவ்வாய் சிறு போட்டி வைத்தேன். வந்த நாளிலிருந்து ஒரு அடியும் உருப்படியாக அடிக்காத மனுசன் அன்று ஒன்று அடித்தார். மார்கரெட்டைத் தாண்டி மூலைக்குப் போய், பந்து கோட்டில் சரியாக விழுந்தது. நான் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றேன். மார்கரெட்டுக்குச் சரியாகத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையை விரித்தேன். "அவுட்!"

"உள்ளுக்கு!" என்று சேர் தமிழில் கத்தினார். "உள்ளுக்குப் புள்ள! கோட்டுல பட்டிச்சி, நான் கண்டேன்!"

"கோச் சொன்னாச் சொன்னதுதான் சேர்," என்றேன். பிறகு கிட்டப் போய்க் குரலைத் தணித்தேன். "நீங்க நாளைக்கு பிளேன் ஏறிப் போயிருவீங்க. பொயின்ட் இங்க இரிக்கட்டும்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. என் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். "நீ... அந்தப் புள்ளையா?"

"ஓம். அந்தப் புள்ளதான்."

வாசலில் நின்ற லொரேன், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு தின்றேன். அப்படி ஒரு பசி வந்து எத்தனையோ வருடம்.

ஆனால் லொரேன் பந்தைக் கண்டிருந்தாள். மறுநாள் கூப்பிட்டாள். கண் தவறுவது எல்லோருக்கும் நடக்கும் என்றாள், என் கண் தவறவில்லை என்பது தெரியாமல். கோட்டைப் பற்றிப் பொய் சொன்னதாக ஒரு கோச்சைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த மண்டபத்தில் அவர் நிற்க முடியாது என்பதையும் சிரித்தபடியே சொன்னாள். "அடுத்த வாரம் அந்தப் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று உனக்குத் தோன்றலாம்." இந்த முறை எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு கிழமை முழுக்க அந்த நீலச் சட்டையைத் துவைப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். சேருக்கு முன்னால் நான் தலை குனிவதா? முதியோர் இல்லத்துக்கே திரும்பிப் போகலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆறாம் செவ்வாய் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துச் சொன்னேன். "போன வாரம் இவர் அடித்த பந்து உள்ளே. நான் கண்டேன். கண்டும் அவுட் சொன்னேன்." சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தேன். கைதட்டினார்கள்! மார்கரெட் வந்து கட்டிப்பிடித்தாள். எனக்குத் தோல் உரிந்த மாதிரி இருந்தது, அவர்களுக்கு அது பிறந்தநாள் விழா. சேர் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபிறகு நான் வலையைக் கழற்றினேன். அவர் வந்து மறு நுனியைப் பிடித்தார். இருவருமாக மடித்தோம்.

"அன்டைக்கும் உள்ளுக்குத்தான் புள்ள," என்றார்.

இந்தச் சொல்லைக் கேட்டால் அழுவேன், அல்லது மன்னிப்பேன் என்று நினைத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. "ஊர்ல சொல்லுவீங்களா சேர்?" என்று கேட்டேன்.

"ஊர்லயா?" மனுசன் பதறிப்போனார். "அது சரிவராது. ஸ்கூல்ல புதுசா உள்ளரங்கு கோர்ட் கட்டிட்டாங்க. என்ட பேரத்தான் வைக்கப் போறாங்க. வயசு போன நேரத்துல என்னத்துக்கு அதெல்லாம்? நீயும் ஒருத்தருக்கிட்டயும் கதைச்சிராத. நானும் ஒரு அவுட் சொன்னேன், நீயும் ஒரு அவுட் சொன்னாய். சமன்தானே?"

"நான் எல்லாருக்கும் முன்னால உள்ளே என்டு சொல்லிட்டேன்."

அவர் மடித்த வலையை என் கையில் வைத்தார். "எனக்காக துஆ செய் புள்ள" என்றுவிட்டு மகனின் காரை நோக்கிப் போனார். கொஞ்ச நாளில் ஊருக்கும் போய்விட்டார். லொரேன் என்னை நிரந்தரமாக்கினாள். மார்கரெட் இப்போதும் என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் கோட்டில் பந்து விழுந்தால் என் பக்கம் பார்ப்பதில்லை.

போன வாரம் புத்தளத்திலிருந்து பழைய மாணவர் குழுவின் செய்தி ஒன்று என் போனுக்கு வந்தது. திறப்பு விழாவில் காட்டுவதற்கு, சேரைப் பாராட்டி இரண்டு நிமிட வீடியோ அனுப்பவேண்டுமாம். "லாத்தா, சேர்தான் சொன்னார், நீங்க அவர் வளர்த்தெடுத்த புள்ளையாம். எங்களுக்கெல்லாம் பெருமை." கூடவே ஒரு படம். பள்ளி வாசலில் கட்டியிருக்கும் பெனரில், சேரின் பெரிய படத்துக்குக் கீழே, நீலச் சட்டையில் நான். சேரின் மகன் எடுத்ததாக இருக்கும். அதன் அடியில், "புத்தளம் மண்ணின் மகள்" என்று கொட்டை எழுத்து. வளர்த்தெடுத்தாராம்! போனைச் சுவரில் அடிக்கப் பார்த்தேன். அதற்குள் உம்மா அழைத்தார். ஆட்டோ பிடித்துப் போய்ப் பெனரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "நம்மள ஊர்ப் புள்ள என்டு போட்டிரிக்காங்கடி. வாப்பா இருந்திருந்தா..." என்று அழுதார். நான் அவுஸ்திரேலியாவில் கோச் ஆன பிறகு, முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்து, அந்த ஊர் எங்களைத் தன்னுடையது என்று முதல் தடவை சொல்லியிருக்கிறது. அதுவும் சேரின் வாயால்.

வீடியோ அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதி, புத்தளத்தில் பலரும் வாசிக்கும் இந்தச் சஞ்சிகைக்கு அனுப்புகிறேன். அந்தப் பந்து உள்ளே. நடுவர் கண்டார். அவரே என்னிடம் சொன்னார். உம்மா, இது வெளிவந்த மறுநாளே என் படத்தை இறக்கிவிடுவார்கள், உங்களோடும் சிலர் கதைக்கமாட்டார்கள். என்னை மன்னியுங்கள். இறக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே போய் நில்லுங்கள். கிழிக்கவேண்டாம் என்று சொல்லி, எனக்கு அடியில் எழுதியிருக்கும் அந்த மூன்று சொல்லை மட்டுமாவது வெட்டி வாங்கி வையுங்கள்.