துவக்கு இல்லாத விடுதி

துவக்கு நிற்கிற இடம் ஆபத்தான இடம், துவக்கே கண்ணில் படாத இடம் பாதுகாப்பான இடம். ஐம்பத்திரண்டு வயது வரை நான் இப்படித்தான் நம்பியிருந்தேன். (துவக்கு என்பது எங்கள் ஊரில் துப்பாக்கி.) யாழ்ப்பாணத்தில் மீசை முளைத்து, ஒஸ்லோவில் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவனுக்கு இதற்கு மேல் ஒரு தத்துவம் தேவைப்படவில்லை. குவாத்தமாலா நகரத்தில் இந்தத் தத்துவத்தை நம்பி நான் தெரிவுசெய்த தங்குமிடத்தைப் பற்றி எழுதுகிறேன். மனைவி வாசிப்பாள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். அவளுக்கு இதில் பாதிதான் தெரியும்.

போன காரணம், மகள் அபிராமி. தாதிப் படிப்பின் கடைசி வருடம். ‘ப்ராக்சிஸ்’ என்று சொல்லும் செயல்முறைப் பயிற்சிக்காக மூன்று மாதம் அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவ நிலையத்துக்குப் போனவள், முடிகிற வாரத்தில் தொலைபேசி எடுத்து, “இன்னும் ஆறு மாசம் நிக்கப்போறன்” என்றாள். உன்னைப் பார்க்க வாறேன் என்றேன். கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்பதைச் சொல்லவில்லை. அவள் பெயரில் ஒரு டிக்கெட்டை அவளுக்குத் தெரியாமலே வாங்கி, என் கடவுச்சீட்டோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய், காலை நாலரை மணி. கார்டெர்மோன் விமான நிலையம். மனைவி வாசுகி வழியனுப்பிய விதம்:

“இஞ்சேருங்கோ, பெட்டையோடை வந்தால் வீட்டுக்கு வாங்கோ. தனிய வந்தால் பஸ் டிப்போவிலை படுங்கோ.”

மட்ரிட் வரை நாலு மணிநேரம், அங்கிருந்து அத்திலாந்திக்கின் மேலே பதினொன்றரை மணிநேரம். பின்னேரம் மூன்று நாற்பதுக்கு இறங்கினேன். விமான நிலையம் நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. சுற்றிவர எரிமலைகள். ஜூன் மாதம், மழைக்காலம்.

போக இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த நகரத்தின் பகுதிகளுக்கு எண்தான் பெயர். ஒன்றாம் பகுதி பழைய நகரம். அறை 250 கெட்சாலுக்குக் கிடைக்கும். ஒரு கெட்சால் கிட்டத்தட்ட ஒன்றேகால் குரோனர். பத்தாம் பகுதியில் பெரிய ஹோட்டல்கள்; 900க்குக் குறையாது. எனக்கு இரண்டும் தேவையில்லை. அபிராமி தங்கியிருந்தது இரண்டாம் பகுதியில், எலேனா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டில். அந்த அம்மா, அங்கத்தைய வழக்கில் செனோரா, தன் படுக்கையறையையே எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அபிராமிக்கு ஆறு மணி வரை வேலை. “படலையிலை காவல்காரர் நிப்பார், பெயரைச் சொன்னால் விடுவார்” என்று எழுதியிருந்தாள்.

டாக்சிக்கு 100 கெட்சால். சாரதியின் பெயர் ஓஸ்கார். கலிபோர்னியாவில் ஒன்பது வருடம் தோட்ட வேலை செய்து ஆங்கிலம் கற்றவர். எங்கள் அரைகுறை ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன்.

முதலாவது துவக்கைக் கண்டது ஒரு கேக் கடை வாசலில். இரண்டாவது மருந்துக்கடையில். மூன்றாவது ஒரு தண்ணீர்ப் போத்தல் லொறியின் பின்னால் உட்கார்ந்திருந்தது. எல்லாம் சொட்கன். ஏழாவதோடு எண்ணுவதை நிறுத்தினேன்.

ஐந்து மணி. செனோரா எலேனாவின் தெரு. குறுக்கே ஒரு தடைமரம், பக்கத்தில் சிறு கூண்டு, கூண்டுக்கு முன்னால் சொட்கனோடு ஒரு மனிதர். டாக்சி நிற்க முன்னமே நான் இறங்கிவிட்டேன்.

எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் காலத்தில் சென்றி என்ற இராணுவக் காவலரண் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். பையைத் திறந்து பிடிக்கவேண்டும். கேட்க முன்னமே அடையாள அட்டையை நீட்டவேண்டும். முப்பது வருடமாக என் மூளை மறந்திருந்ததைக் கால் மறக்கவில்லை. பெட்டியைச் சைக்கிள் போல் பக்கத்தில் உருட்டிக்கொண்டு, தோள்பையைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நடந்தேன். பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

அந்த மனிதர் என்னைவிடப் பயந்துபோனார். ஆனாலும் மரியாதை தெரிந்தவர். நீட்டியதை வாங்கி, ஒவ்வொரு தாளாக விரித்து வாசித்தார். ஒரு தாளில் “அபிராமி!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு டாக்சிக்குள் ஏறினேன்.

“வேறு இடம் போவோம். துவக்கு இல்லாத இடம்.”

“பத்தாம் பகுதி?”

“அங்கே துவக்கு இருக்கா?”

“இதைவிடக் கூட.”

“வேண்டாம். அமைதியான இடம். ஒருவரும் ஒன்றும் கேட்காத இடம்.”

ஓஸ்கார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எத்தனை மணிநேரத்துக்கு?”

“ஆறு இரவுக்கு.”

அவர் விசிலடித்தார். என் வயதில் உள்ள ஒருவர் இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்ததைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஆறு மணி. ரூஸ்வெல்ட் பெருந்தெரு. உயர்ந்த மதில், பச்சை விளக்கு. துவக்கு இல்லை. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கார்க் கொட்டில். டாக்சி நுழைந்ததும் ஒரு கை தடித்த திரையை இழுத்து மூடியது. கைக்கு உரியவரைக் காணவில்லை. பெயர் கேட்கவில்லை, கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. சுவரில் இருந்த சிறு கதவால் பன்னிரண்டு மணிநேரத்துக்கு 175 கெட்சால் வாங்கினார்கள். ஒஸ்லோவில் காரை நிறுத்துவதற்கும் மணிக்கணக்குத்தானே என்று எனக்கு அதுவும் வித்தியாசமாகப் படவில்லை. கூரையில் பெரிய கண்ணாடி. சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட நல்ல யோசனை என்று மெச்சினேன். ஓஸ்கார் போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்து, “நல்ல அதிர்ஷ்டம்” என்றார்.

இடத்தை அபிராமிக்கு அனுப்பினேன். ‘பாதுகாப்பான இடம் பிடித்துவிட்டேன். நீயும் வரலாம்.’ மகளுக்கு அனுப்பிய செய்தி. திரும்ப வாசிக்கிற தைரியம் இன்றுவரை வரவில்லை.

ஏழு மணிக்கு வாசலில் நிற்பதாக எழுதினாள். போனேன். மழை. பச்சை விளக்கின் கீழே ஒரு பழைய வெள்ளைக் கார், வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற இருக்கையில் செனோரா எலேனா, மடியில் துணி சுற்றிய ஒரு சட்டி. விடுதிக்குள் கார் நுழையும்போதெல்லாம் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பினார். முப்பது வருடம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்.

அபிராமி இறங்கி வந்தாள். “அப்பா, இது என்ன இடம் எண்டு தெரியுமோ?”

“நல்ல இடம் பிள்ளை. ஒரு துவக்கும் இல்லை.”

“கள்ளமாச் சோடியள் மணிக்கணக்கிலை வந்து போற இடம் அப்பா. ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கக்கூடாது எண்டுதான் திரை.”

கண்ணாடியின் காரணம் அப்போதுதான் விளங்கியது. பகிடி ஏதாவது விட்டுச் சமாளிப்போம் என்று வாயைத் திறந்தேன். “அதுதான் தலையணை ரெண்டு...” என்று தொடங்கினேன். அவள் சிரிக்கவில்லை.

“சரியான ஃப்ளௌட் அப்பா” என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு எங்கள் பிள்ளைகள் பாவிக்கும் நோர்வேச் சொல். “அதை விடுங்கோ. என்ரை பெயரிலை டிக்கெட் வைச்சிருக்கிறீங்களோ?”

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். காவல்காரர் மார்வினுக்கு எல்லாத் தாளையும் நீங்களே குடுத்தனீங்கள். அவர் செனோராட்டைச் சொன்னவர், அபி போறாளாம், கவலையா இருக்கு எண்டு. அவ அழுதுகொண்டு எனக்கு டெலிபோன் அடிச்சவ.”

காருக்குள் இருந்து செனோரா ஏதோ கேட்டார். என்ன என்றேன்.

“விடுங்கோ.”

“சொல்லு பிள்ளை.”

“‘என்ரை வீட்டிலை என்ன குறை?’ எண்டு கேக்கிறா.”

நாங்கள் இருப்பது ஒஸ்லோவில் வெளிநாட்டுக்காரர் அதிகம் வாழும் வெஸ்ட்லியில், ஐந்தாம் இலக்க ரயில் முடிகிற இடத்தில், மாடிக் குடியிருப்பில். என்னோடு பஸ் ஓட்டும் நோர்வேக்காரர் ஒருவரை ஒருமுறை விருந்துக்குக் கூப்பிட்டேன். “அங்கே காரை நிறுத்தலாமா? பயமில்லையா?” என்று கேட்டார். பிறகு வரவில்லை. வாசுகி காய்ச்சிய ஆட்டிறைச்சிக் கறியை மூன்று நாள் நாங்களே சாப்பிட்டோம். அவரோடு ஒரு வருடம் நான் கதைக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து, சொந்தப் படுக்கையை ஒழித்துத் தந்த ஒரு பெண்ணின் படலையில் நான் கேட்டிருக்கிறேன். அதுவும் வாய் திறக்காமல், முதுகைக் காட்டி.

“குறை ஒண்டும் இல்லை எண்டு சொல்லு. எனக்குத்தான் பயம் எண்டு சொல்லு.”

அவள் சொன்னாள். செனோரா பின்கதவைத் திறந்துவிட்டு, நான் ஏறியதும் சட்டியை என் மடியில் வைத்தார். கறுப்பு அவரை, இன்னும் சூடாக இருந்தது.

“நான் வரேல்லை அப்பா” என்றாள் அபிராமி, முன்னிருக்கையில் இருந்து திரும்பாமல். “கேட்டிருந்தால் டெலிபோனிலையே சொல்லியிருப்பன்.”

“ஓம்” என்றேன்.

செனோரா எலேனாவின் வீட்டில் ஆறு இரவும் படுத்தேன். தெருவில் உள்ள பதினான்கு வீடும் சேர்ந்து மார்வினை வேலைக்கு வைத்திருக்கின்றன. அந்த ஆறு நாளில் அவருடைய துவக்கு ஒருமுறையும் வெடிக்கவில்லை. என்னை யாரும் கொள்ளையடிக்கவில்லை, மிரட்டவில்லை, முறைத்துக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அபிராமி சீருடையோடு வேலைக்குப் போனாள். பின்னேரம் செனோராதான் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். நான் தனியாக ஒஸ்லோ வந்து சேர்ந்தேன்.