சுவரைப் பார்த்த நாற்காலி

நவம்பர் 17, திங்கட்கிழமை.

லாட்ஜ் வராந்தாவில் கிடந்த நாற்காலியை யாரையும் கேட்காமல் அறைக்குள் எடுத்துப் போட்டேன். அது என் தப்பு. அன்றைக்கு அது ஒரு தப்பாகவே தோன்றவில்லை.

நான் போகிற மாலை எழுத்து வகுப்பில் ஆசிரியை சொல்லிக்கொடுத்த முறையிலேயே இதை எழுதுகிறேன். கண்ணால் பார்த்தது தனி, மனதில் நினைத்துக்கொண்டது தனி. சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுத வேண்டும். இதில் பாதிக்கு மேல் எனக்கே சந்தேகம்தான். ஆனால் நடந்தது. என் தோள்மேல் நடந்தது.

முதலில், ஏன் போனோம் என்பது.

என் அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறாள். அம்மா படுக்கையில் விழுந்து ஒன்றரை வருஷம் கிடந்தாள். பகல் என் முறை, ராத்திரி அக்கா முறை. அசையாமல் கிடக்கும் உடம்புக்கு முதுகில் புண் வரும். அது வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு. கண்ணை மூடிக்கொண்டே செய்கிற அளவுக்கு இரண்டு பேருக்கும் பழகியிருந்தது.

அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. அக்காவின் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று டாண் டாணென எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் தூக்கம் வராது. போன வாரம் பஸ்ஸை நடைபாதைமேல் ஏற்றிவிட்டாள். நல்லவேளை, அங்கே யாரும் இல்லை.

டிப்போ சூப்பர்வைசர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாலு நாள் லீவு. எங்கயாவது போய்த் தூங்கிட்டு வாம்மா. திங்கக்கிழமை உன் கண்ணைப் பார்ப்பேன். இதே கண்ணோட வந்தேன்னா வண்டி கிடையாது. இனிமே எப்பவுமே கிடையாது" என்றார்.

அக்காவுக்கு ஸ்டியரிங்தான் எல்லாம். எனக்கும் அவள் சம்பளம்தான் எல்லாம். அதனால் வாடகை மலிவாகக் கிடைத்த ஒரு கடற்கரை ஊருக்கு, சீசன் முடிந்த நேரத்தில், அவளைத் தூங்கவைக்க அழைத்துப் போனேன்.

வியாழக்கிழமை மதியம் போய் இறங்கினோம். ஊர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டது போல இருந்தது. ஐஸ்கிரீம் கடைக்குப் பூட்டு. ராட்டினத்துக் குதிரைகளின் தலையில் சாக்கு கட்டியிருந்தார்கள். படகுகள்மேல் தார்ப்பாய். அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

லாட்ஜில் ஒரே ஒரு ஆள். இடுப்பில் முப்பது நாற்பது சாவி தொங்கும். சாவி அண்ணன் என்றே தன்னைக் கூப்பிடச் சொன்னார்.

"சீசன்ல வந்திருந்தா என் மூஞ்சியப் பார்க்கவே வரிசையில நிக்கணும். இப்ப நானே உங்க பின்னாடி நிக்கறேன்" என்று சிரித்தார். எங்கள் மாடியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மற்ற அறைகளின் மேஜை நாற்காலிகளைக் கீழ்க் கூடத்தில் அடுக்கிவிட்டாராம். எங்கள் அறையில் இரண்டு கட்டில் மட்டும்.

அன்று ராத்திரி அக்கா பொட்டுக்கூடத் தூங்கவில்லை.

"கடல் இரையுதுடி. நம்ம வீட்டுலன்னா சுவர்க்கோழியாவது நடுவுல மூச்சு விடும்" என்றாள். விடியும்போது அவள் கண் ரத்தக்கட்டி மாதிரி இருந்தது. நான் மனதுக்குள் நாட்களை எண்ணினேன். பாதிக் குடி மூழ்கிவிட்டது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டயரி எழுத உட்கார இடமில்லை. வராந்தாக் கடைசியில், பூட்டிய அறைக்கு எதிரே, ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தண்டனை கொடுத்து நிற்கவைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. சாவி அண்ணன் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தூக்கி வந்து அக்கா கட்டிலின் தலைமாட்டில் போட்டேன்.

மதியம் அக்கா சும்மா படுத்தாள். நான் கதவை வெளியே பூட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போனேன். திறந்திருந்த கடை ஒன்றே ஒன்று, அதுவும் ஊர்க்கோடியில். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பூட்டைத் திறந்தேன்.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டு... மூன்று மாதத்தில் முதல்முறை. அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தவள் இப்போது இடப்பக்கம் ஒருக்களித்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் என் தலையணை. முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு.

அந்தத் துண்டைக் காலையில் குளியலறைக் கொக்கியில் நான்தான் ஈரமாகப் போட்டிருந்தேன்.

ஐந்து மணிக்குக் கண் விழித்தவள், "நல்லாத் தூங்கினேன்டி. நீ திருப்பிப் போட்டதுகூட அரைகுறையாத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

"நான் திருப்பலையே. கடைக்குப் போயிருந்தேன்."

"அப்ப கடல்லேர்ந்து யாரோ எழுந்து வந்து திருப்பிட்டுப் போனாங்களா? போடி, கணக்குப்பிள்ளை. எல்லாத்துக்கும் ஒரு சாட்சி கேக்காதே."

அக்கா என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். அவள் சிரித்தே வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் விட்டுவிட்டேன். தூக்கத்தில் அவளே செய்துகொண்டிருப்பாள், பழக்க தோஷம் என்று டயரியில் எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா படுத்தாள். நாற்காலிமேல் என் பையை வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். வராந்தா விளக்கின் வெளிச்சம் கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகக் கொஞ்சம் விழுந்தது. ஆட்கள் தெரியும். முகம் தெரியாது.

பத்து மணிக்கு அக்கா எழுந்து உட்காருவாள் என்று காத்திருந்தேன். எழவில்லை. எனக்கு நிம்மதியில் கண் சொக்கியது.

சரியாகப் பன்னிரண்டு.

தொப்... என்று ஒரு சத்தம்.

பை தரையில் கிடந்தது.

காற்று என்று நினைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

பிறகு பிரம்பு முனகியது. க்ரீ...ச். வெகுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் முட்டியில் கை ஊன்றி எழுந்தால் வருகிற சத்தம்.

நாற்காலியில் யாரும் இல்லை.

அக்காவின் போர்வையைப் பார்த்தேன். தோளில் ஒரு பள்ளம் விழுந்தது.

இடுப்பில் இன்னொரு பள்ளம்.

இரண்டு உள்ளங்கை அளவு.

அக்காவின் உடம்பு மெதுவாகத் திரும்பியது. அவள் திரும்பவில்லை. திருப்பப்பட்டாள். ஒன்றரை வருஷம் அதையே செய்தவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?

கத்த வாயைத் திறந்தேன்.

கத்தினால் அக்கா விழித்துக்கொள்வாள்.

விழித்தால் திரும்பத் தூங்க மாட்டாள்.

வாயை மூடிக்கொண்டேன். போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். தலையணை தானாக நகர்ந்து அக்கா முதுகுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. ஒரு தட்டு தட்டிச் சரிசெய்தது போல அது அமுங்கி எழுந்தது.

பிறகு ஒரு பெருமூச்சு.

அது பயமுறுத்த வந்த மூச்சு இல்லை. அலுத்துப்போன மூச்சு. அக்கா அம்மாவைத் திருப்பிவிட்டு அப்படித்தான் மூச்சு விடுவாள்.

க்ரீ...ச்.

உட்கார்ந்தாகிவிட்டது.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் இமைக்கவில்லை என்று சொல்ல ஆசை. அது உண்மையா என்று தெரியாது.

இரண்டு மணி.

க்ரீ...ச்.

அக்காவின் போர்வை. தோள். இடுப்பு. தலையணை. பெருமூச்சு.

இப்போது உட்காரும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை.

வரவில்லை...

என் கட்டில் ஓரம் லேசாக அமுங்கியது.

கண்ணை இறுக மூடினேன்.

தோளில் ஒரு கை.

இடுப்பில் ஒரு கை.

சூடாக இருந்தது.

நான் மரக்கட்டையாகக் கிடந்தேன். கை அவசரப்படவில்லை. சுவர்ப் பக்கம் திருப்பியது. முதுகில் ஏதோ மெத்தென்று வந்து ஒட்டியது. போர்வை கழுத்து வரை ஏறியது.

அடுத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அக்கா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியின் இருக்கையில் கை வைத்துப் பார்த்தேன். இரவெல்லாம் மழை. தரை, சுவர், கதவின் கைப்பிடி எல்லாம் சில்லென்று இருந்தன. பிரம்பு மட்டும் சூடாக இருந்தது.

சாவி அண்ணன் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். நாற்காலியைத்தான் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நான்தான் அண்ணே. சும்மாதானே கிடந்துதுன்னு..."

"சும்மா கிடக்குதா?" சத்தம் போடவில்லை. ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கினார். வயதானவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது போல வராந்தாக் கடைசிக்குக் கொண்டுபோனார். பழையபடி சுவரைப் பார்க்க வைத்தார். நான் பின்னாலேயே போனேன்.

"ராத்திரி ஏதாவது...?" என்றார்.

சொன்னேன். அவர் அந்தப் பூட்டிய அறையைக் காட்டினார்.

"மூணு வருஷம் முன்னாடி. இதே மாதிரி சீசன் முடிஞ்ச நேரம். வயசான புருஷன் பொண்டாட்டி, மாச வாடகைக்கு இந்த ரூமை எடுத்தாங்க. ஐயாவுக்குக் கை கால் வராது. அந்தம்மாதான் எல்லாம். ராவும் பகலும் இந்த நாற்காலிதான் அவங்களுக்கு. நான் ரெண்டு நாள் வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு போனேன். புயல்ல பாலம் அடிச்சிட்டுப் போச்சு. அஞ்சு நாள் கழிச்சுத்தான் வர முடிஞ்சுது."

"ஐயா இறந்துட்டாரா?"

"இல்லம்மா. அந்தம்மா. இந்த நாற்காலியிலேயே. பாலம் போன அன்னைக்கு ராத்திரியே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

நான் நாற்காலியிலிருந்து ஓரடி தள்ளி நின்றேன்.

"ஐயா உயிரோட இருந்தார். அஞ்சு நாள் அசையாமக் கிடந்த உடம்பு. முதுகுல ஒரு சின்னச் சிவப்பு இல்ல. உதடு ஈரமா இருந்துது. கூட யார் இருந்தாங்கன்னு டாக்டர் என்னைப் போட்டுக் குடைஞ்சார். நான் என்னத்தைச் சொல்ல? இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருந்தார். முதுகுக்குத் தலையணை. முட்டி நடுவுல..."

"துண்டு" என்றேன்.

சாவி அண்ணன் என்னையே பார்த்தார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப ஐயா என் கையப் பிடிச்சுக்கிட்டார். 'அவ தூங்கவே இல்லப்பா. அந்த நாற்காலிய சுவரைப் பார்க்கத் திருப்பி வை. படுத்திருக்கறவங்க யாரும் கண்ணுல படலன்னா அவ கொஞ்சம் ஓய்வா உட்காருவா'ன்னார். அன்னையிலேர்ந்து அப்படியே வெச்சிருக்கேன்."

சனிக்கிழமை மதியமே கிளம்பிவிட்டோம். நாற்காலி அங்கேயே இருந்தது. பஸ் ஏறும்வரை அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏறிய பிறகும் சொல்லவில்லை.

சனி ராத்திரி வீட்டில் அக்கா தூங்கினாள். நேற்றும் தூங்கினாள். இன்று காலை சூப்பர்வைசர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாராம். "கடல் தண்ணியிலயா கழுவினே, இப்படிப் பளிச்சுன்னு இருக்கு?" என்றாராம். சாயங்காலம் வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் குளிக்கப் போனபோது அவள் அறைக்குப் போனேன். கட்டிலருகே எங்கள் பழைய மர நாற்காலி கிடக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்கா உட்கார்ந்த நாற்காலி. காலையிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை.

தொட்டேன்.

சூடாக இருந்தது.

திரும்பினால் அக்கா வாசலில் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உனக்கும் தெரியுமா?" என்றேன்.

"முதல் நாளே தெரியும். கை உன்னோடது இல்லைன்னு தெரியாதா எனக்கு? நீ பயந்துடுவேன்னுதான் மழுப்பினேன்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்டி. ஒரே ஒரு வாரம்."

"நம்மகூட வந்தவங்களும் தூங்கணும்ல, அக்கா."

அக்கா உள்ளே வந்து அந்த நாற்காலியின் முதுகை ஒரு தடவை தடவினாள். அப்புறம் துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். "இன்னைக்கு மட்டும்" என்றாள்.

சரி என்றேன்.

நாளை செய்ய வேண்டியது: அக்கா படுப்பதற்கு முன்னால் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். என் படுக்கையை அவள் அறைக்கு மாற்ற வேண்டும். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் அலாரம் வைத்து எழுந்து, அவளை நான் திருப்பிப் போட வேண்டும்.