மாமியார் வீடு வேண்டாமா

எங்கள் பக்கம் மாது என்பது ஆம்பிளைப் பெயர். மாதேஸ்வரனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வைப்பது. மெட்ராஸ்காரர்களுக்கு மாது என்றால் பெண்ணாம். இந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு மனுஷன் பிழைப்பு சந்தி சிரித்தது. நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

பாலக்கோட்டில் என் பாத்திரக் கடையில்தான் மாது வேலை பார்த்தான். அதற்கு முன் மாரண்டஹள்ளியில் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் ஆண்டி தக்காளித் தோட்டத்தில் கூலியாட்கள் முன்னால், "திங்கிற சோத்துக்காச்சும் குனிஞ்சு வேலை செய்யுங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டார்.

"இனி உங்க வூட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான். மனைவி செல்லி பின்னாலேயே ஓடிவந்து, "தனியா ஒரு வூடு பாருங்க, நானும் பாப்பாவும் வந்துடுறோம்" என்றாளாம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தான். கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தான், ஸ்டவ் வாங்கினான், சின்ன டம்ளர் ஒன்றில் பாப்பாவின் பெயரை அவனே வெட்டினான்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பாட்டு வந்தது. எண்பத்தேழோ எண்பத்தெட்டோ. டிவியில் ஒரு காமெடி நாடகம். கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன பெண்டாட்டியைப் புருஷன் கூப்பிடுகிற டைட்டில் பாட்டு.

"மாது மாது கோபமா, மாமியார் வீடு வேண்டாமா?"

எங்கள் ஊர்களில் டிவி இருந்ததே நாலு வீட்டில், அதிலும் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நாடகத்தை எவன் பார்த்தான்? கேசட்தான் வந்தது. டீக்கடை, கல்யாண வீடு, பஸ், எங்கேயும் அதுதான். கேட்டவனெல்லாம் நம் மாதுவைத்தான் பாடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டான்.

"அது பொம்பளையைப் பாடறதுங்க" என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லிப் பார்த்தான். "அப்ப நீ பொம்பளையா?" என்றான் அந்த ஆள். பஸ்ஸே சிரித்தது.

துணைக்கு வாங்க பாய் என்று என்னையும் அழைத்துக்கொண்டு, பாப்பாவுக்குக் காட்ட அந்த டம்ளரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லியைக் கூட்டிவரப் போனான். டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்து அவள் தயாராகத்தான் நின்றாள். ஆண்டிகூடத் தடுக்கவில்லை. அட அல்லா, காரியம் முடிந்தது என்று நான் பெட்டியில் கை வைத்தேன். எதிர் டீக்கடைக்காரன் எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைப் போட்டான், நாசமாய்ப் போகிறவன். தெருவே கூடிவிட்டது.

"பாட்டை நிறுத்தச் சொல்லுங்க பாய்" என்றான் மாது. கத்தினேன். யார் கேட்டது? செல்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், அடக்க முடியாமல் குலுங்கினாள், அப்புறம் அதே முந்தானைக்குள் அழுதாள். மாது அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் சிரித்ததை அவன் தாங்கியிருப்பான்.

"நட செல்லி, பஸ் வந்துடும்" என்றான் கடைசியில்.

அதற்குள் பாப்பா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். மூன்று வயசு. அப்பா போனதும் தெரியும், தாத்தா வீட்டைவிட்டு எல்லோரும் போகப்போவதும் தெரியும். அவளுக்குத் தெரிந்த கெஞ்சல் அந்தப் பாட்டு ஒன்றுதான். அழுதுகொண்டே பாடினாள்.

"மாது மாது கோபமா... மாமியார் வூடு வேண்டாமா?"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. பாப்பா சிரிக்கவில்லை. பதிலுக்காக அண்ணாந்து பார்த்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டான். டம்ளர் இருந்த பை கீழே விழுந்தது. "வேணும் சாமி, வேணும்" என்றான்.

ஆண்டி இலை போடச் சொன்னார். மாது உட்கார்ந்து கை நனைத்தான்.