காபரேற்றரின் இருமல்

வாவிக்கரைக் கல்லடியில் படகு எஞ்சின் திருத்துகிற நல்லரத்தினத்துக்கு ரீவியில் வரும் விண்கப்பல் தொடரென்றால் உயிர். கரண்ட் இல்லாத அந்தச் சண்டைக் காலத்தில் உழவு மெசின் பற்றரியில்தான் ரீவி ஓடியது. மற்றவர்கள் கெப்டனைப் பார்ப்பார்கள். இவன் கண் முழுக்க எஞ்சின் அறையில். "கப்பலைக் காப்பாத்துறவன் கீழ கிடந்து வேகிறான், பேர் மட்டும் மேல கதிரையில இருக்கிறவனுக்கு!" என்று கிழமைக்குக் கிழமை வெடிப்பான். மச்சான் இளையதம்பி பக்கத்திலிருந்து ஓம் போடுவான்.

ஒருநாள் தொடரில் எதிரிகள் கப்பலைப் பிடிக்க வந்தபோது, எஞ்சினியர் ஒரேயொரு பாகத்தைக் கழற்றி ஒளித்தான். கப்பல் அசையவேயில்லை. ஆமி படகு எஞ்சின்களைப் பறிக்க வருகிறதென்று கேட்டதும், நல்லரத்தினமும் பட்டறையில் நின்ற எஞ்சினில் தன் கையால் அராவிப் பொருத்திய, எண்ணெயூட்டும் காபரேற்றரைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தான்.

"இதில்லாம அவனுகளுக்கு ஒரு முழமும் ஓட்ட ஏலா. உன்னை நம்பித்தான் தாறன்."

ஆமி வெறும் இரும்பைத்தான் தூக்கிக்கொண்டு போனது.

அடுத்த கிழமை இருவரும் தொடர் பார்த்துக்கொண்டிருக்கையில், வாவியில் ஆமிப் படகொன்று கிளம்பியது. முதலில் இருமி, பிறகு சீறியது அதன் எஞ்சின். தான் அராவிய காபரேற்றரின் இருமல் அவனுக்குத் தெரியாதா? நல்லரத்தினம் மச்சானைத் திரும்பிப் பார்த்தான்.

இளையதம்பி எழும்பிப்போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டினான்.