சொல்லிட்டுத்தான் கூட்டினு போவேன்

சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த சைக்கிளுக்கு நகர்கிறார் சந்திரமோகன். காற்றடிக்கும் பம்பு காலடியிலேயே கிடக்கிறது. அதில் அழுத்தம் காட்டும் முள்ளும் இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை. "முள்ளு பொய் சொல்லும் மேடம், வெரலு சொல்லாது" என்கிறார், பத்திரிகைக்கு எழுத வந்த என்னிடம். புதுவாயல் கூட்டுரோட்டில் நாஷ்டா கடையை ஒட்டிய மண்தரைதான் அவருடைய அலுவலகம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகின்றன. ஒவ்வொரு லாரிக்கும் நம் இட்லித் தட்டில் கொஞ்சம் புழுதி இலவசம்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். உடம்பில் சதை என்று சொல்ல ஆடுசதை மட்டும்தான். பழைய கம்பெனியின் நீலச் சட்டையைத்தான் இன்றும் போடுகிறார். பை மேல் இருந்த கம்பெனிப் பெயரை மட்டும் பிளேடால் பிரித்து எடுத்திருக்கிறார். தோளில் ஒரு துண்டு. சட்டைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம். யாராவது மயக்கம் வருகிறது என்றால் நகத்தால் கீறி மூக்கருகே நீட்டுவார். கிளம்புவதற்கு முன்னால் ஆண் பெண் பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே அறிவிப்பு: "ஒண்ணுக்குப் போறவங்க இங்கயே போய்க்கினு வந்துடுங்க. அப்பால மலைல வந்து நெளிஞ்சிக்கினு நிக்காதீங்க." படித்த பெண்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு வரிசையாகப் போவார்கள்.

அவர் நடத்துவது ஒருநாள் சுற்றுலா. காலையில் ஆந்திர எல்லையோரக் கிராமங்கள் வழியாக சைக்கிள், நடுப்பகலில் மலை இடுக்கில் ஓடையோடு ஏறி இறங்கும் நடை, சாயங்காலம் அடிவாரத்து ஏரியில் படகு. 'ஒரே நாளில் மூணு ஜாலி' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடுகிறார். அந்த 'ஜாலி'யை இப்போது என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை. ஆனால் அதை எழுதிய காலத்தில் அவர் நிஜமாகவே ஜாலியான மனுஷனாகத்தான் இருந்திருக்கிறார்.

அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு மில்லில் கான்ட்ராக்ட் வேலை. வார விடுமுறையில் கூட வேலை செய்பவர்களைத் திரட்டிக்கொண்டு இதே மலை இடுக்குக்குத்தான் போவார். கான்ட்ராக்ட் முடிந்து வெளியே அனுப்பியதும், தெரிந்த ஒரே வழியைப் பிழைப்பாக்கிக்கொண்டார். மனைவி கல்பனா, "ஊர் சுத்தினே சம்பாரிக்கிற ஒரே ஆளு எங்க ஊட்டுக்காரருதான்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மில்லிலிருந்து அவர் ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். அங்கே பெரிய உருளைகளுக்கு நடுவே இறங்கிச் சுத்தம் செய்யும்போது, இறங்குகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார்கள். எல்லாரும் ஏறி வந்து அவரவர் பூட்டைத் திறந்தால்தான் மிஷின் ஓடும். அடுத்தவன் சாவியைத் தொடுகிறவன் அங்கே கிடையாது. கூடப்பிறந்த அண்ணன் சாவியாக இருந்தாலும் தொடமாட்டார்கள்.

மலை இடுக்கிலிருந்து இறங்குவதற்கு இரண்டு வழி உண்டு, ஓடை வழி ஒன்று, கரை வழி ஒன்று. ஓரிடத்தில் நின்று ஆள் பார்க்க முடியாது. அதனால் அவர் மில் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். அடிவாரத்து வேப்பமரத்தில் ஒரு கம்பி கட்டினார். மலை ஏறுமுன் ஒவ்வொருவரும் தங்கள் சைக்கிளைப் பூட்டிச் சாவியை அதில் மாட்டவேண்டும். இறங்கியதும் தன் சாவியை எடுத்துத் தன் சைக்கிளைத் திறந்து கொடுத்தால், 'குட்டி யானை' மினி லாரி ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆட்கள் ஏரிக்கு நடக்கலாம். கம்பி காலியானால் மலையில் யாரும் இல்லை என்று அர்த்தம்.

நல்ல முறைதான், ஓர் ஓட்டையைத் தவிர. 'அடுத்தவர் சாவியைத் தொடாதே' என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "மில்லுல அத சொல்லவே வேணாம் மேடம். வேல கத்துக்கும்போதே ரத்தத்துல ஏறிடும். அதனால எனக்கு சொல்லணும்னே தோணல" என்றார். சொல்லும்போது கண்ணைத் தரையில் வைத்திருந்தார்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அதில் பிரின்சி என்று ஒரு பெண், மணவாள நகர்க்காரி. மலை இறங்கும்போது பிரின்சிக்குச் செருப்பு கடித்துக் காலில் கொப்புளம். அவளுடைய தோழி ஸ்நேகா முன்னால் இறங்கி, பாவம், அவள் வந்து சைக்கிளோடு மல்லாட வேண்டாம் என்று தன் சாவியோடு அவள் சாவியையும் எடுத்து, இரண்டு சைக்கிளையும் திறந்து கொடுத்துவிட்டாள். அன்பினால் செய்ததுதான். பிரின்சி பின்னால் சந்திரமோகனோடு வருவாள் என்று நினைத்து அவள் ஏரிக்கு நடந்துவிட்டாள். காலியான கம்பியைப் பார்த்து எல்லாரும் இறங்கியாயிற்று என்று அவர் நினைத்தார். விசில் ஊதிக் கிளம்பிவிட்டார்.

ஏரியில் படகு ஏறும்போது கரையில் ஒரு லைஃப் ஜாக்கெட் மிச்சம் கிடந்தது. படகுக்காரர் தெலுங்குக்காரர். "நைனா, இது யாரோடது?" என்று கேட்டிருக்கிறார். சந்திரமோகன் திரும்பி ஓடினார். பொழுது சாயும் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். பிரின்சி இரண்டு பாறைகளுக்கு நடுவே விழுந்து கால் சிக்கிக் கிடந்தாள். இடுப்புவரை தண்ணீர். முழங்கால் சில்லு சிதறியிருந்தது.

நான் மணவாள நகருக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு காலை எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாள். அது இனி மடங்காது. நின்றபடி செய்கிற வேலை, அது போய்விட்டது. "கத்தி கத்தி தொண்ட போச்சு மேடம். கீழ விசில் சத்தம் கேட்டுச்சு. கெளம்பறாங்கன்னு தெரிஞ்சிடுச்சு" என்றாள். அழாமல் சொன்னாள். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

சந்திரமோகன் சுற்றுலாவை நிறுத்திவிட்டு ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். பிறகு அந்த வேலையும் போயிற்று. மறுபடி சைக்கிளை எடுக்குமுன் பிரின்சியிடம் போய் நின்றிருக்கிறார். அவள் சொன்னதை என்னிடமும் சொன்னாள்: "போவாதீங்கன்னுதான் சொல்லணும்னு நெனச்சேன். அப்பால அவரு பொயப்பு? அதான், போங்கண்ணா, ஆனா ஒவ்வொரு தபாவும் என்ன பத்தி சொல்லிட்டு கூட்டினு போங்கன்னேன். எம் பேர சொல்லணும். எவளோ ஒருத்தின்னா யாருக்கும் ஒறைக்காது."

அவர் சரி என்று வந்துவிட்டார். அவருடைய கதியைப் பாருங்கள்! சொன்னால் யார் வருவார்கள்? சொல்லாமல் கூட்டிப்போனால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்ல ஆரம்பித்த பிறகு முதலில் வந்த கூட்டம் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, "அண்ணா, அப்புறம் கால் பண்றோம்" என்று நழுவியது. அடுத்து வந்தவர்களில் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் காரைத் திருப்பினார். "இன்னிக்கும் போச்சுன்னா சைக்கிளெல்லாம் வித்துட்டு எங்கனா கூலிக்குப் போயிடுவேன் மேடம். கல்பனாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார், நான் அவரோடு போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்.

சென்னையிலிருந்து ஓர் ஐ.டி. கம்பெனிக் கூட்டம் வந்திருந்தது. பரத் என்ற பையன்தான் தலைவன் மாதிரி. ஸஹானா என்ற பெண் செல்போனைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. நான் ஐம்பதைத் தாண்டியவள். என்னைச் சைக்கிளில் ஏற்றிய பத்திரிகை ஆசிரியரை மனசார வைதுகொண்டே ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லார் கையிலும் டீ வந்ததும் சந்திரமோகன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுத்தான் கூட்டினு போவேன். கேட்டுட்டு வர்றவங்க வாங்க, வராதவங்க போலாம், தப்பா நெனைக்க மாட்டேன். போன வருஷம் பிரின்சின்னு ஒரு பொண்ணு எங்கூட வந்துச்சு. நான் அத மலைலயே வுட்டுட்டு வந்துட்டேன்." சாவிக் கம்பி, விசில், முழங்கால், எல்லாம் சொன்னார். ஸ்நேகாவின் பேரை மட்டும் எடுக்கவில்லை. "அவங்கவங்க சாவி அவங்கவங்கதான் எடுக்கணும், அத நான் சொல்லாம வுட்டது என் தப்பு" என்று முடித்தார்.

நாம் எல்லோரும் வீட்டுக்குத்தான் என்று நான் சைக்கிளை நிறுத்த இடம் தேடினேன்.

"செம அண்ணா!" என்றான் பரத். "புல்லரிச்சிடுச்சு. நிஜமாவா?"

"நிஜம்தான் தம்பி."

"அப்ப கண்டிப்பா போறோம்" என்றாள் ஸஹானா. "சும்மா அருவி, போட்டிங்னு எத்தனை வாட்டி பாக்கறது? இது வேற லெவல்."

ஒருவர்கூடத் திரும்பவில்லை. கிளம்பிவிட்டார்கள். நெல் வயல்களுக்கு நடுவே அவர்கள் சிரித்துக்கொண்டு முன்னால் மிதிக்க, எனக்காக மெதுவாக வந்தார் சந்திரமோகன். "இன்னா மேடம், பிரேக்க புடிச்சிக்கினே மெறிக்கிறீங்க?" என்று கேலி செய்யப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும் எனக்கும்.

"கூட்டம் வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்றேன்.

"வந்துட்டாங்க. ஆனா எதுக்கு வர்றாங்கன்னு பாத்தீங்களா?" முன்னால் போகிறவர்களைத் தாடையால் காட்டினார். "திட்டிட்டுப் போனானே, அந்த ஆளே தேவல மேடம். அவனுக்காவது ஒறச்சுது."

அடிவாரத்தில் எல்லாரும் ஒழுங்காகப் பூட்டி, சாவியைக் கம்பியில் மாட்டினார்கள். மாட்டுவதையும் படம் எடுத்தார்கள். சந்திரமோகன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, "உன் சாவி நீதான்" என்றார். அவர்களும் கோரஸாக, "எங்க சாவி நாங்கதான்" என்று கத்திச் சிரித்தார்கள். விசில் இப்போது அவரிடம் இல்லை.

மலை இடுக்கில் ஓடை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வழுக்குகிற இடத்திலெல்லாம் அவர் முதலில் நின்று, கை கொடுத்து, அடுத்தவர் பாதம் எங்கே விழவேண்டும் என்று தன் காலாலேயே தட்டிக் காட்டினார். இரண்டாவது மடு வரை எப்படியோ ஏறிவிட்டேன். அதற்குமேல் மூச்சு என்னோடு வர மறுத்துவிட்டது. மற்றவர்கள் பத்தடி மேலே, எங்கள் கண்ணெதிரே தண்ணீரில் விழுந்து கும்மாளம் போட, அவர்களைப் பார்த்தபடி அவர் என் பக்கத்தில் நின்றார்.

"இங்கதான் மேடம்" என்றார் திடீரென்று. நாங்கள் நின்ற இடத்தில் இரண்டு பாறைகள் நெருங்கி, ஒரு கால் நுழையும் அகலத்துக்கு இடுக்கு விட்டிருந்தன. உள்ளே தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. "பாதைய பாக்க தனியா வந்தப்பல்லாம் இத தாண்டிப் போவும்போது காலு வரமாட்டேங்குது. யாருக்கும் இத சொன்னதில்ல, கல்பனாக்குகூட." அவர் உதடு கோணிக்கொண்டது. தேற்ற என்ன இருக்கிறது?

மேலே இருந்தவர்கள் சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்கள்.

"அண்ணா, அந்தப் பொண்ணு விழுந்த ஸ்பாட் எது?" என்றான் பரத்.

"ஈரத்தோட நிக்காதீங்க, எறங்குங்க" என்றார் சந்திரமோகன்.

"காட்டுங்கண்ணா ப்ளீஸ்" என்றாள் ஸஹானா, செல்போனைத் துடைத்துக்கொண்டே. "ரீல்ஸ் போடறேன். உங்களுக்கு வாராவாரம் கூட்டம் வரும் பாருங்க. பிரின்சி பாயின்ட்னே பேர் வெச்சிடலாம்."

எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பெண்ணின் மடங்காத காலைக் கொண்டுவந்து இவர்கள் முன்னால் நீட்டவேண்டும் போலிருந்தது. 'ஒறைக்கணும்' என்றுதானே அவள் பேரைக் கொடுத்தாள்! இவர்களோ பேரைப் பிடித்துக்கொண்டார்கள். கெட்ட பிள்ளைகளும் இல்லை; வழியெல்லாம் எனக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்து வந்ததே அந்தப் பரத்தான். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

சந்திரமோகன் அவர்கள் முகங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டி, ஓடைக்கு அக்கரையில், வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்த ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார்.

"அதோ, அது" என்றார்.

அவர்கள் ஓடையைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்தி அந்தப் பாறையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "காப்பாத்துங்க" என்று கத்த, மற்றவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். சந்திரமோகன் தோளில் கிடந்த துண்டை உருவி, எங்கள் காலடியில் இருந்த இடுக்கின் மேல் விரித்தார். விரித்து, அதை மறைத்தாற்போல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.