இறுகிய வலது கொலுசு

1971 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. இரண்டு நாளாக விடாத தூறல். சாயம் போட்ட பட்டு உலரவில்லையே என்று என் மகன் புலம்பிக்கொண்டிருந்தான். மூன்று வயதுப் பேத்தி அலமுவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் சரசு என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, இங்க கை வெச்சிப் பாருங்க. கல்லு மாதிரி இருக்குது."

வலது விலாவுக்குக் கீழே தொட்டேன். அந்தக் கடினம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

சென்னையில் பரிசோதித்து, சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்குமா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பார்க்க வந்த என் அக்கா வார்டிலேயே ஆரம்பித்தாள். "இவ மாசமா இருக்கச் சொல்லவே சாயத் தொட்டிகிட்ட நின்னுக்கினு இருந்தா. வேணாம்னா கேட்டாளா? சாயம் புள்ள வயித்துல ஊறிப்போச்சி."

 அன்றிலிருந்து சரசு சாப்பாட்டை விட்டுவிட்டாள். "அவ போனா நானும் போயிடுவேன் மாமா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.  ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று, "பெருமாளே, வரதா, குழந்தையைக் கொடு. கொடுக்க முடியாவிட்டால் இவளையாவது விட்டுவை" என்று அழுதேன்.

மறுநாள் வந்த பெரிய டாக்டர் குழந்தையின் கால்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"வலது கால் பருமனா இருக்கே. முன்னாடியே கவனிச்சியாம்மா?"

"கொலுசு அந்தக் கால்ல மட்டும் இறுக்கினு இருந்துது சார். பத்தரு அளவுல தப்பு பண்ணிட்டாருன்னு சண்ட போட்டு, கூலி கூட குடுக்கல."

"பத்தர் மேல தப்பில்ல. பொறக்கும்போதே ஒரு பக்கம் கூடுதலா வளர்ற குழந்தைங்க சிலருக்கு இந்தக் கட்டி வரும். ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாது."

"சாயம் சார்?"

"சாயத்தால வந்துதுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லம்மா. நீ செஞ்சதால வந்ததில்ல."

சரசு சுவரோடு சாய்ந்து வாய்விட்டு அழுதாள். சாயங்காலம் அலமு மிச்சம் வைத்த இட்லியைச் சாப்பிட்டாள். யாரும் கேட்காத கேள்வியை அந்த டாக்டர் வாயில் வைத்தது யார்? எனக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. தை பிறந்த ஆறாம் நாள் அலமு போய்விட்டாள். எங்கள் ஊரான சின்ன காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, ஒரு மாதம் நான் வரதன் கோயில் பக்கமே போகவில்லை. சரசுதான் முதலில் வெளியே இறங்கினாள். நேரே பத்தர் பட்டறைக்குப் போனாள். அவர் கூலி வேண்டாமென்று கும்பிட்டிருக்கிறார். "வாங்கிக்குங்க அண்ணே, உங்க அளவு சரிதான்" என்று வைத்துவிட்டு வந்தாளாம். அதைக் கேட்டுத்தான் நான் சந்நிதிக்குப் போய் நின்றேன். வருஷங்கள் ஆயின. இன்றும் தினமும் போகிறேன்.

அன்பர்களே, உங்களில் பிள்ளையை இழந்தவர்கள் இருப்பீர்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனாலும் கேளுங்கள். எனக்கு ஓர் உயிர் மிஞ்சியது.

பஸ், மருந்து, சாப்பாடு எல்லாமாகச் செலவு ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு ரூபாய். பத்தருக்குச் சரசு கொடுத்த நாலு ரூபாயும் அதில் சேர்த்தி.